பாவாயி அக்கா சாப்பிடாத வீடு

1

இந்தச் சித்திரையோடு நாங்கள் மலேசியாவின் தைப்பிங்கை விட்டுச் சேந்தமங்கலம் வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்தது. வரும்போது இரண்டு பெட்டியும் ஒரு ரைஸ் குக்கரும் கொண்டு வந்தோம். குக்கர் முதல் கோடையிலேயே கரண்ட் ஏறி இறங்கி எரிந்து போனது. பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. ஆடி கழிந்ததும் அவற்றை இறக்கித் துடைக்க வேண்டும். என் கணவருக்கு ஓய்வு பெறும் வயது தாண்டிவிட்டது, முட்டியும் போய்விட்டது. இந்த வீடு மிஷனுடையது. எங்களுக்குப் பின்னால் ஓர் இளம் தம்பதி வருகிறார்கள். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அந்தப் பெண் இப்போதே போனில் கேட்கிறாள்.

ஒவ்வொரு வருடமும் நம் தைப்பிங் சபை மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்வீர்கள். நானும் மலையடிவாரம், மக்களின் அன்பு, கிருபை என்று எழுதி, பின்னால் கொல்லிமலை தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் வைத்து அனுப்பிவிடுவேன். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. களைத்துப் போயிருக்கிறேன். ஒரு மிஷனரியின் மனைவிக்கு என்னதான் வேலை என்று நம் சபைப் பெண்கள் கேட்பதுண்டு. கிரைண்டரில் மாவு ஆட்டுவது, போர்வை துவைப்பது, வந்தவர்களுக்குச் சோறு போடுவது. மீதி நேரத்தில் அடுத்து வரப்போகிறவர்களுக்காகப் பாய் உதறுவது.

யார் யாரோ வருவார்கள். ஆஸ்பத்திரிக்கென்று மலையிலிருந்து இறங்கி வந்து, திரும்பிப் போக பஸ் கிடைக்காதவர்கள் வருவார்கள். திருச்செங்கோட்டில் காலேஜ் பார்க்க வந்த பிள்ளையும் அப்பாவும் வருவார்கள். சேலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, சூரமங்கலத்தில் டீ குடித்துக்கொண்டே போன் போடுகிற ஊழியக்காரர்கள் வருவார்கள். என் கணவருக்கு "இல்லை" என்ற வார்த்தை வாயில் வராது. "நம்ம வீடுதானே, வாங்க" என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான், "அரிசி இருக்கா?" என்று என்னைக் கேட்பார்.

இத்தனை பேர் சாப்பிட்ட வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் ஒரு பருக்கை சோறு தின்றதில்லை. அவர் அடுத்த வீட்டுப் பாவாயி அக்கா. ஊரை விட்டுப் போவதற்குள் அவர் ஒரு வேளை என் கையால் சாப்பிட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் போட்டுப் போட்டு அலுத்துப்போன எனக்கு, வராத ஒருவருக்குப் போட வேண்டும் என்று ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டால் பதில் தெரியாது.

2

பாவாயி அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பல தலைமுறையாக இங்கேயே விவசாயம் பார்க்கும் குடும்பம். கணவர் இல்லை. மகன் செந்தில், மருமகள் கோகிலா. தோட்டத்துக் கடைசியில் செந்திலின் கோழிப்பண்ணை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் எங்கள் விருந்தாளிகள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்குப் பழகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான்.

நாங்கள் வந்திறங்கிய அன்றே அந்தச் சுவருக்கு மேலாக அவர் தலை தெரிந்தது. "ஏனுங்க, ஊட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்களாட்ட இருக்குது. குழாயில தண்ணி எந்நேரம் வரும்னு யாராச்சும் சொன்னாங்களா?" யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னார். பால் எங்கே வாங்குவது, எந்தக் கடையில் எடை சரியாக இருக்கும், எந்த டவுன் பஸ் நாமக்கல்லுக்குச் சுற்றாமல் போகும் என்பதையெல்லாம் அந்தச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்.

இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வரும் உறவுக்காரரை ஒரம்பரை என்பார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரும் அக்காவுக்கு எங்கள் ஒரம்பரைதான். வாசலில் செருப்பு எண்ணிக்கையைப் பார்த்தே முருங்கைக்காயோ தயிரோ சுவரைத் தாண்டி வந்துவிடும். "இத்தன ஒரம்பரை இருக்கற ஊடு இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க சிஸ்டரு" என்று கேலி செய்வார். என் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியுமா என்பது சந்தேகம். ஊருக்கே நான் சிஸ்டரு, என் கணவர் பாஸ்டரு.

முதல் வருடம் எங்கள் தெரு மாரியம்மன் பண்டிகையன்று அக்கா மஞ்சள் புடவையோடு ஒரு கிண்ணம் பொங்கல் கொண்டு வந்தார். என் கணவர் கைகூப்பி, மிகவும் பணிவாகச் சொன்னார்: "மன்னிக்கணும்மா. சாமிக்குப் படைச்சதை நாங்க சாப்பிடுறதில்லை." நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். மூன்று தலைமுறையாக நாம் அப்படித்தானே இருக்கிறோம். அக்கா முகம் சுருங்கவில்லை. "ஓ, அப்படிங்களா? தெரியாமப் போச்சுங்க" என்று கிண்ணத்தை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருடம் தூக்குப்போசியில், நாம் தூக்குச்சட்டி என்போமே அதில், பொங்கல் மறுபடியும் வந்தது. "இது படைக்காததுங்க. உங்களுக்குன்னு தனியா எடுத்ததுங்க. தாராளமா உண்ணலாம்." நாங்களும் மகிழ்ச்சியாக வாங்கிச் சாப்பிட்டோம். வீட்டில் எங்களுக்கென்று தனியாக ஆக்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். அதன் பிறகு ஒரு பண்டிகைகூடத் தவறியதில்லை. நெய்யும் பச்சைப்பயறுமாக, வெல்லம் தூக்கலாக இருக்கும். என் கணவர் அந்த நாளைக்கு ஆசையோடு காத்திருப்பார்.

ஆனால் அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால், "வகுறு சரியில்லீங்க." எங்கள் கல்யாண நாளுக்குக் கூப்பிட்டால், "இன்னைக்கு ஒரு சந்தி விரதமுங்க." சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், "இப்பத்தானுங்க சோறுண்டேன்." காப்பி குடிப்பார். பிஸ்கட்டை முக்கித் தின்பார். எங்கள் கொய்யா மரத்தில் உரிமையோடு பறித்துக்கொள்வார். சோறு என்றால் மட்டும் எழுந்துவிடுவார்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சாதியாக இருக்குமோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் வரமாட்டேன் என்கிறாரோ என்று மனதுக்குள் ஒரு முள். காப்பி குடிக்கிறாரே என்று எனக்கு நானே மறுத்துக்கொள்வேன். ஆனாலும் முள் போகவில்லை.

3

இந்தச் சித்திரையில் நம் சபையிலிருந்து ஜோயல் தலைமையில் ஐந்து பிள்ளைகள் எங்களைப் பார்க்க வந்தார்கள். தங்கமான பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒரு வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் உடனே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் பக்கம், விசா பக்கம், போட்டோ. போட்டோ அளவு பெரிதென்று திரும்பும், சின்னதாக்கினால் தெளிவில்லை என்று திரும்பும். சாம்பாரைக் கிளறிக்கொண்டே ஒரு கையால் இதைச் செய்தேன். ஐந்தாவது பிள்ளையின் பதிவு முடிந்தபோது சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

நாங்களும் வெளிநாட்டுக்காரர்கள்தான் என்பது எனக்கே பல நாள் மறந்துபோகும். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க நாமக்கல் போகும்போது ஞாபகம் வரும். ஒருமுறை அங்கே இருந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரு தமிழ், பேச்சு தமிழ், பாஸ்போர்ட் மட்டும் மலேசியாவா? தாத்தா எந்த ஊருங்க?" தெரியாது என்றேன். சேலம் ஜில்லா என்று அப்பா சொல்வார், அதற்கு மேல் யாரும் கேட்டு வைக்கவில்லை. "அப்ப சொந்த ஊருக்கே விசா எடுத்து வந்திருக்கீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகள் வந்த மறுநாள் பினாங்கிலிருந்து என் மகள் ரூத் கூப்பிட்டாள். இந்த வீட்டில் வளர்ந்தவள். எந்த விருந்தாளி வந்தாலும் அவள் அறையைத்தான் கொடுத்தோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை சமையல்கட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படித்தாள். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. இப்போது அவளுடைய ஃபிளாட்டில் மூன்று அறை. விருந்தாளி யாரையும் சேர்ப்பதில்லை.

"ஆடிக்கு அப்புறம் இங்க வரீங்கல்லம்மா, எத்தனை வாரம் இருப்பீங்க? பிளான் பண்ணிக்கணும்" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவள், கேட்கத்தான் வேண்டும். இந்த ஊரில் வந்தவரிடம் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அப்படிக் கேட்பது போகச் சொல்வதற்குச் சமம். அது அவளுக்கும் தெரியும், இங்கே வளர்ந்தவள்தானே. "பார்த்துச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். அன்று மாவு ஆட்டும்போது அழுகை வந்தது. அழுதேன்.

4

பண்டிகையன்று காலையிலிருந்தே தெருவில் மேளம். பிள்ளைகள் கேட்டுக்கு அருகில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் அக்காவும் கோகிலாவும் கோயிலிலிருந்து திரும்பினார்கள். கோகிலா கையில் தேங்காய் பழத் தட்டு. அக்கா கையில் வழக்கமான தூக்குப்போசி. நேராக எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"ஒரம்பரைப் பசங்களுக்கும் சேத்துக் கொண்டாந்திருக்கேனுங்க சிஸ்டரு. இன்னைக்கு நெறையா இருக்குது."

நான் கையை நீட்டுவதற்குள் ஜோயல் என் காதருகே வந்தான். மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "ஆன்ட்டி, இது சாமிக்கு வெச்சதா? நாங்க சாப்பிடக் கூடாது."

அக்காவுக்குச் சிரிப்பு. பிள்ளைக்குத் தைரியம் சொல்கிற மாதிரி சொன்னார்: "இல்லீங்க கண்ணு, பயப்படாம உண்ணுங்க. படைச்சதில்ல. பானை பொங்கி எறக்குனதும், ஆத்தாளுக்கு எடுக்கறதுக்கு முந்தியே உங்களுக்கு எடுத்து மூடி வெச்சிருவனுங்க. வருசா வருசம் அப்படித்தான். பாஸ்டரக் கேளுங்க, ஆசையா உண்ணுவாரு."

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கோகிலாவுக்கு உறைத்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தே, என்ன சொல்றீங்க? ஆத்தாளுக்கு முந்தியா?"

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"இவிங்களுக்கு எடுத்துப்போட்டு மிச்சத்தையா நான் ஆத்தாளுக்குப் படையல் போட்டேன்? எச்சப் பானையிலயா அத்தே? இத்தன வருசமாவா?" தட்டில் இருந்த தேங்காய் மூடி உருண்டு விழுந்தது. அதை எடுக்காமலே விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். அக்கா குனிந்து தேங்காயை எடுத்துத் துடைத்தார். தூக்குப்போசியை என் கையில் வைத்தார். "ஆறறதுக்குள்ள உண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார்.

சாமிக்குப் படைக்கும் முன்னால் அந்தப் பானையில் ஒரு வாய்கூட எடுக்கக் கூடாது. ருசி பார்க்கக்கூட மாட்டார்கள். இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பானைப் பொங்கலே வைத்தறியாத வீட்டில் பிறந்த எனக்கு அது அந்த நிமிடம்தான் புரிந்தது.

ஜோயல் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டான். "படைக்கலைன்னா ஓகே ஆன்ட்டி. செம டேஸ்ட்" என்றான். எனக்கு அவனை ஓர் அறை விடலாம் போல இருந்தது. பாவம், அவன்மேல் தப்பில்லை. அவன் சொன்னதைத்தான் நாங்களும் முதல் வருடம் சொன்னோம்.

5

அன்று பொழுது சாய்கிறவரை அடுத்த வீட்டில் சத்தம் ஓயவில்லை. மறுநாள் போர்வை காயப்போடும்போது கோகிலா சுவரருகே வந்தாள். எப்போதும் "சிஸ்டரு" என்று ஒட்டிக்கொண்டு பேசுகிற பெண். தன் மகனுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததற்காக எனக்கு ஒரு கைப்பை வாங்கிக் கொடுத்தவள்.

"உங்க சாமிக்கு ஒரு கொறையும் வரக் கூடாதுங்க. எங்க ஆத்தாளுக்கு மட்டும் மிச்சம் போட்டாப் போதும், அப்படித்தானுங்களே? போன கோடையில பண்ணையில கோழி கொத்துக் கொத்தாச் செத்துதே, எதுக்குன்னு இப்பத் தெரியுது."

கோழிகள் வெயில் தாங்காமல் செத்தன. அந்தக் கோடையில் எத்தனையோ பண்ணைகளில் அப்படித்தான். அதை அவளிடம் சொல்ல நான் யார்? "எங்களுக்குத் தெரியாதும்மா" என்றேன். "தெரிஞ்சுக்கோணும்னு நெனைக்கலீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இதை எழுதும் இன்றுவரை பேசவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "தனியா ஆக்கினதுன்னுதானே நினைச்சோம்" என்றார். "நானும் அப்படித்தான் நினைச்சேன்." தைலப் பாட்டிலை மூடி, திறந்து, மறுபடியும் மூடினார்.

பிள்ளைகள் திரும்பிப் போன பிறகு உங்களில் ஒருவர் போன் செய்தீர்கள். பண்டிகைப் பொங்கலை நாங்கள் வருடா வருடம் சாப்பிடுகிறோமாமே என்று விசாரித்தீர்கள். நல்ல விதமாகத்தான் கேட்டீர்கள். அன்று மூன்று விருந்தாளிகள் பந்தியில் இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் என் பதில்.

6

ரொம்ப நாள் அக்கா சுவர்ப் பக்கமே வரவில்லை. முருங்கைக்காயும் வரவில்லை. தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு கோகிலாதான் வருவாள், நான் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆடிக்குள் பேசாமலே போய்விடுவோமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விருந்தாளிகளுக்குப் பரிமாறும்போது ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினேன்.

ஒருநாள் சாயங்காலம் கொய்யா மரத்தடியில் சத்தம் கேட்டுப் போனால், அக்கா நின்றிருந்தார். வாரக் கணக்காகப் பேசாதவர் போலவே இல்லை. "பழமெல்லாம் அணில் தின்னுட்டுப் போகுது, பறிக்க மாட்டீங்களாட்ட இருக்குது" என்றார். காப்பி போட்டுக் கொண்டு வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து குடித்தார்.

"வீட்டில் கோகிலா பேசறாளா அக்கா?"

"பேசாம எங்க போறதுங்க? பானைய அவகிட்டக் குடுத்துட்டேன். இனிமே பொங்கல் அவதான் வெப்பா. பரிகாரத்துக்கு ஒரு பூசையும் போட்டாச்சு. அவ சொல்றதும் நாயந்தானுங்களே."

பானையைக் கொடுத்துவிட்டேன் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வைத்த பொங்கல் அது. எங்களால் போயிற்று.

"ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க? எங்களுக்குன்னு ஒரு சின்ன பாத்திரத்துல தனியா ஆக்கியிருக்கலாமே?"

"அது வெறும் சோறாயிப்போகும்ங்க. பண்டிகைப் பங்குன்னா ஒரே பானையில இருந்து வரோணும். பங்காளி ஊட்டுக்கெல்லாம் அப்படித்தான் குடுக்கறோம். நீங்க பக்கத்து ஊட்டுல இருந்துக்கிட்டு உங்களுக்கு மட்டும் பங்கில்லீன்னா நல்லாவா இருக்கும்? ஆத்தாகிட்ட வருசா வருசம் சொல்லிப்போட்டுத்தான் எடுப்பேன். அவ கோவிச்சுக்கிட்டிருந்தா இத்தன நாள் விட்டு வெச்சிருக்க மாட்டா."

அதைக் கேட்டதும் எனக்குள் இருந்த முள் வெளியே வந்துவிட்டது. வரம்பில்லாமல் கேட்டேன். கோபமாகவே கேட்டேன். "சாமிகிட்டயே எங்களுக்காகப் பேசியிருக்கீங்க. எங்க வீட்டில் ஒரு வாய் சோறு மட்டும் சாப்பிடமாட்டீங்க. ஏன்க்கா? சாதியா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அட போங்க சிஸ்டரு. சாதி பாத்தா உங்க காப்பிய எதுக்குங்க குடிக்கறேன்?"

"பின்னே?"

"நீங்க சோத்த வெச்சுக்கிட்டுச் செபம் பண்றீங்களே. பாஸ்டரு பண்ற செபம் எங்க சமையக்கட்டு வரைக்கும் கேக்கும். அது உங்க சாமிக்குப் படைக்கறதுதானுங்களே? எங்க சாமிக்குப் படைச்சத நீங்க தொடறதில்லீன்னு பாஸ்டரு மொத வருசமே சொல்லிப்போட்டாரு. எனக்கு அது ரொம்பப் புடிச்சுதுங்க. சாமின்னா இப்படித்தான் நிக்கோணும்னு நெனச்சேன். அப்ப நானும் எங்க ஆத்தாளுக்கு அப்படி நிக்க வேண்டாங்களா? காப்பிக்கு நீங்க செபம் பண்றதில்ல. அதனால குடிக்கறேன்."

என் கணவர் கைகூப்பிப் பணிவாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, எங்கள் சபையில்கூட யாரும் இவ்வளவு நேர்மையாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். எங்களுக்காக அவர் பானையைத் திறந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் அவருக்காக எதையும் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவுமில்லை.

7

செபம் செய்யாமல் ஒரு வாய் சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. சின்ன வயதில் பசியில் ஸ்பூனைத் தொட்டாலே அப்பா பார்ப்பார், கை தானாகக் கீழே போய்விடும். இந்த வீட்டிலும் சோறு மேசைக்கு வந்ததும் செபம், அப்புறம்தான் பரிமாறுவது. யாருக்காகவும் அது மாறியதில்லை. மலையிலிருந்து பட்டினியோடு வந்தவர்கள்கூடத் தட்டுக்கு முன்னால் காத்திருந்திருக்கிறார்கள்.

சில நாள் மனதுக்குள் போட்டுப் புரட்டினேன். பிறகு என் கணவரிடம் சொன்னேன். "வியாழக்கிழமை அக்காவைச் சாப்பிடக் கூப்பிடப் போறேன். செபத்துக்கு முன்னாலேயே அவங்களுக்குப் போடப் போறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம வீட்டில் அப்படி ஒரு பழக்கம்..."

"நம்ம வீடு இல்லை, மிஷன் வீடு. ஆடி வரைக்கும் சமையல்கட்டு என்னுடையது."

அவர் மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை காலையில் இரண்டு போன் வந்தன, தங்க வரலாமா என்று. இரண்டுக்கும் "இன்னைக்கு முடியாதுங்க, வீட்டில் விருந்தாளி இருக்காங்க" என்று அவரே சொன்னதைக் கேட்டேன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருமென்று எனக்குத் தெரியாது.

கறி எடுக்கவில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், அப்பளம். சோற்றை வடித்ததும் அப்படியே அடுப்படியில் வைத்துவிட்டுச் சுவரருகே போனேன். அக்கா களத்தில் நின்றிருந்தார். கோகிலா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாப்பிட வாங்க. இன்னும் செபம் பண்ணலை. பானையிலிருந்து நேரா உங்களுக்குத்தான் முதல்ல எடுக்கப் போறேன்."

அக்கா ஏதாவது சாக்குச் சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு, நன்றாகச் சத்தமாகவே சொன்னார்: "கோகிலா, நான் பாஸ்டரு ஊட்டுல சோறுண்டுட்டு வாரேன்." கோகிலா திரும்பவில்லை. மிளகாயைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். ஆனால் போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

மேசைக்கு முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வீட்டை முதன்முதலாகப் பார்க்கிறவர்போலச் சுற்றிலும் பார்த்தார். எதிரே என் கணவர். பழக்கத்தில் அவர் கைகள் தாமாகக் குவிந்தன. அக்காவின் காலித் தட்டைப் பார்த்தார். கைகளைப் பிரித்து மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். நான் பானையில் முதல் கரண்டி எடுத்து அக்காவின் தட்டில் போட்டேன். தப்பு செய்கிறேனா, சரியாகச் செய்கிறேனா என்று எனக்கு அப்போது தெரியாது, இப்போதும் உறுதியாகச் சொல்லமாட்டேன். குழம்பை ஊற்றினேன்.

அக்கா பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார்.

"உப்புச் சித்தக் கம்மிங்க" என்றார்.

என் கணவர் சிரித்துவிட்டார். நான் ஓடிப்போய் உப்பு எடுத்து வந்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததால் ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. அக்காவே வாங்கித் திறந்துகொண்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கி ரசம் விட்டுக்கொண்டார். அப்பளத்தை நொறுக்கிப் போட்டார். எங்கள் இரண்டு தட்டும் காலியாகவே இருந்தன, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை நாங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கை கழுவிவிட்டு வந்து, "வகுறு நெறஞ்சுதுங்க" என்றார். "உங்க சோறு ஆறிப்போச்சு. செபம் பண்ணி உண்ணுங்க. நான் போயிட்டு வாரேனுங்க." வாசல்வரை போய்த் திரும்பினார். "அடுத்த பண்டிகைக்கு எங்க இருப்பீங்களோ. வந்தா எங்க ஊட்டுலயே தங்குங்க. எத்தன நாளு வேணும்னாலும் இருங்க."

அவர் போன பிறகு எங்களுக்குப் பரிமாறினேன். சோறு ஆறித்தான் போயிருந்தது. வழக்கப்படி என் கணவர் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே பண்ணு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதில்லை.

கண்ணை மூடினேன். எவ்வளவு தேடியும் நன்றி என்ற ஒரு சொல்தான் வந்தது. அதைச் சொன்னேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.